‘மைதான்’ காட்டாத அணி

2024 ஏப்ரலில், நோன்புப் பெருநாளையொட்டி வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படத்தை நம் வாசகர்களில் பலர் குடும்பத்துடன் கண்டிருப்பர். இந்தியக் கால்பந்தின் தலைசிறந்த பயிற்சியாளரான மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம் அவர்களின் வாழ்வைக் கூறும் படம் அது. அமித் சர்மா இயக்கினார். அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்தார். இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். மறக்கப்பட்ட ஒரு பெருமகனை மக்கள் முன் நிறுத்தியமைக்காகவும், ஆட்டக் காட்சிகளை உயிர்ப்புடன் படமாக்கிய திறத்துக்காகவும் அப்படத்தைப் பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

எனினும், பாராட்டோடு நின்றுவிட நம்மால் இயலவில்லை. 1952-ல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதிலிருந்து படம் தொடங்குகிறது; 1962-ல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றதோடு முடிகிறது. இடையே ஒரு தனி மனிதர் அதிகாரிகளோடும் கொடிய நோயோடும் போராடி வெல்கிறார். கதைக்கு இது சுவையானது. வரலாற்றுக்கு இது போதாது. ரஹீம் அவர்கள் வானத்திலிருந்து இறங்கி வந்தவரல்லர். அவருக்குப் பின்னே ஒரு நகரம் இருந்தது. அந்நகரத்தில் ஓர் அணி இருந்தது. அதன் பெயர் ஐதராபாத் நகரப் போலீஸ் அணி.

அவ்வணி ரஹீம் அவர்களால் தொடங்கப்பட்டதன்று. அவர் 1950-ல் பயிற்சிப் பொறுப்பேற்பதற்கு முன்பே, 1943-ல் பெங்களூரில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் டெனிஸ் காம்ப்டன் இடம்பெற்றிருந்த விமானப்படை அணியை வீழ்த்தி ஆஷ் தங்கக் கோப்பையை வென்றது. பின்னர் 1950 முதல் 1954 வரை, ஓராண்டுகூடத் தவறாமல் ஐந்து முறை பம்பாய் ரோவர்ஸ் கோப்பை அதன் வசமாயிற்று. ஹெல்சின்கியில் இந்தியா தோற்ற நாளிலேயே, ரஹீம் அவர்களின் பெயர் இரண்டு ரோவர்ஸ் கோப்பைகளோடும் ஒரு டூரண்டு கோப்பையோடும் 1951-ன் ஆசியத் தங்கத்தோடும் சேர்ந்திருந்தது. தோல்வியிலிருந்து தொடங்கும் கதைக்குள் இவற்றுக்கு இடமில்லாமற் போயிற்று.

இவற்றுள் 1950-ன் டூரண்டு வெற்றியைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்ததும் ஐதராபாத் சமஸ்தானம் முடிவுற்றது. அந்நிலத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவும் அச்சத்திலும் இழப்பிலும் ஆழ்ந்திருந்த காலம் அது. இரண்டே ஆண்டுகளில் அந்நகரின் போலீஸ் அணி தலைநகர் தில்லிக்குச் சென்றது. விடுதலைக்குப் பின் முதன்முறையாக நடைபெற்ற டூரண்டு போட்டியின் இறுதியாட்டத்தில் மோகன் பகானிடம் இரு கோல்கள் பின்தங்கியது. விடாது போராடி 2-2 என்று சமன் செய்தது. மறு ஆட்டத்தில் 1-0 என்று வென்றது. ஐயத்தோடு பார்க்கப்பட்ட ஒரு நகரம், தன் தகுதியை வாதத்தால் அன்றி ஆட்டத்தால் நிலைநாட்டிய நாள் அது என்போம். நூர் முஹம்மது, அஸீஸுத்தீன் போன்ற ஐதராபாத் வீரர்கள் பின்னர் இந்திய அணியின் தூண்களாய் விளங்கினர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றபோது, அணியில் ஐதராபாத் வீரர்களின் பங்கு பெரிது.

இது எவ்வாறு கைகூடிற்று? ரஹீம் அவர்கள் முதலில் பள்ளி ஆசிரியர். ஒருவரே பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதைத் தடைசெய்து, வந்த பந்தை உடனே தோழருக்குத் தந்தாக வேண்டும் என்ற விதியோடு இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். தான் ஒருவனே என்ற எண்ணத்தை நீக்கி, பதினொருவரும் ஒன்றென உணர்த்திய பாடம் அது. காவல்துறையோ ஆட்டக்காரர்களுக்கு வேலையும் ஊதியமும் தந்து, வீட்டில் அடுப்பெரியச் செய்தது. ஆசிரியரின் அறிவும் ஒரு நிறுவனத்தின் ஆதரவும் இணைந்ததால் விளைந்ததே அந்தப் பொற்காலம். தன்னலமற்ற கூட்டு ஆட்டத்தைக் கற்பித்தவரையே தனி நாயகனாக்கி முடிப்பது முரணன்றோ?

1956-ல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபின் அவ்வணி ஆந்திரப் பிரதேசப் போலீஸ் அணியாயிற்று. 1963 ஜூன் 11-ல் ரஹீம் அவர்கள் மறைந்தார்கள். அவ்வாண்டின் ரோவர்ஸ் கோப்பைக்குப் பின் அப்போட்டியிலோ டூரண்டிலோ அவ்வணி மீண்டும் வாகை சூடவில்லை. கல்கத்தாக் கழகங்கள் இன்றும் வாழ்கின்றன. அவற்றுக்கு உறுப்பினர்கள் உண்டு, ஆண்டு விழாக்கள் உண்டு, தம் பழம்பெருமையைத் தலைமுறைதோறும் சொல்லும் வாய்கள் உண்டு. ஓர் அரசுத் துறையின் அணிக்கோ இவற்றுள் எதுவும் வாய்ப்பதில்லை. ஆதரவு தளர்ந்ததும் ஆட்டம் நின்றது. ஆட்டம் நின்றதும் நினைவும் நின்றது.

நம்மிடமும் இக்குறை உண்டு. பெரியோரின் பெயரைப் போற்றுகிறோம். அவர்களை வளர்த்த பள்ளியை, சங்கத்தை, நூலகத்தை மறந்துவிடுகிறோம். பெயரைப் போற்றுவதால் மட்டும் இன்னொரு ரஹீம் தோன்றமாட்டார். அவர் உருவாவதற்கு மீண்டும் ஓர் அணி வேண்டும். படத்தைக் கண்டு மகிழ்ந்த பெற்றோர், நாயகரின் பெயரோடு அந்த அணியின் பெயரையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்களாக.