வெள்ளைக்காரன் மரத்துக் கல்

தோப்பூருக்குப் போகிறவர்கள் மூதூரில் இறங்கி அந்தக் கல்லை ஒருமுறை பார்க்கவேண்டும்.  இந்தக் கொட்டியாரப் பகுதியில் ஊர்க்கதை சொல்லும் வேலை ஒரு புளியமரத்துக்கு வாய்த்தது.

1659 நவம்பரில், மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதுமரம் தேடிக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரைப் புளியமரத்தடியில் பிடித்தார்கள். அது 'வெள்ளைக்காரன் மரம்' ஆயிற்று.

1893இல் நட்ட நினைவுக்கல், பிடிபட்டவர் கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ் என்றும், 19 ஆண்டு சிறையிருந்தார் என்றும் சொல்கிறது. உண்மையில் பிடிபட்ட நொக்ஸ்கள் இருவர். கப்பல் தலைவராக இருந்தவர் தந்தை; அவர் 1661இல் கண்டி இராச்சியத்திலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் தன் கையாலேயே அவரைப் புதைத்தார். 19 ஆண்டு கழித்தவர் அதே பெயருடைய அந்த மகன். தந்தையும் மகனும் ஒரே பெயருக்குள் கலந்துபோன இந்தப் பிழைக்காகவே கல்லின்மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்துப் பிழைத்தார். 1679இல் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலில் உழவும் சூடடிப்பும் அரிசிச் சோறும் அவ்வளவு நுணுக்கமாக வருகின்றன. கொட்டியாரத்து வயற்காரர் எவரும் அதைப் படித்தால் தம் வேலையை அடையாளம் கண்டுகொள்வார்.