ஈத்தூண்டில் வீச்சு: கற்பிக்கும் விதிகளும் ஆசிரியர் தேர்வும்

தூண்டில் என்றதும் நம் கண்முன் வருவது ஒரு மூங்கிற்கழி, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, புழுக் கோத்த முள் ஆகியவை. இந்தத் தூண்டிலை வீசுவதற்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டுவதில்லை. ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். கல்லெறியத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

மேல்நாடுகளில் டிரவுட் மீன் பிடிக்கக் கையாளும் ஈத்தூண்டிலில் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. சிறு முள்ளைச் சுற்றி இறகும் மயிரும் கட்டி, நீர்மேல் மிதக்கும் பூச்சியைப்போலச் செய்த பொய் ஈ அதன் இரை. அதன் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதைக் கையால் எறிந்தால் பஞ்சுத் துணுக்கைப்போலக் காலடியிலேயே விழும். ஆகவே இங்கு எறியப்படுவது கயிறு. ஈ அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. கயிறுகளை எடைக்கேற்ப எண்ணிட்டு விற்கிறார்கள். ஐந்தாம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெயின் எடை உடையது. நம் அளவில் ஏறத்தாழ 9 மீட்டருக்கு 9 கிராம். அதாவது மீட்டருக்கு ஒரு கிராம். இவ்வளவு இலேசான, நீண்ட, துவளும் பொருளை முன்னும் பின்னும் காற்றில் நீட்டி, நினைத்த இடத்தில் ஓசையின்றி இறக்க வேண்டும். இது தோள்வலிமையால் ஆகும் காரியமன்று. (நீலகிரியில் அவலாஞ்சியின் டிரவுட் பண்ணையைப் பார்த்தவர்கள், இந்த விளையாட்டுக்காகவே ஆங்கிலேயர் அந்த மீனைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள் என்பதை அறிவார்கள்.)

இந்த வீச்சைக் கற்பிப்போருக்குத் தேர்வு நடத்திச் சான்று வழங்கும் முறையை அமெரிக்காவின் 'ஃபெடரேஷன் ஆஃப் ஃபிளை ஃபிஷர்ஸ்' என்னும் அமைப்பு 1992-இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் 'ஃபிளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல்'. தேர்வுக்குப் படிப்போர் முதலில் கையில் எடுப்பது, பில் கேமல், ஜே கேமல் என்னும் இருவர் எழுதி 1990-இல் வெளியான 'தி எசென்ஷியல்ஸ் ஆஃப் ஃபிளை காஸ்டிங்' என்ற சிறு நூல். ஒரு கைத்திறனை அறிவியல் விதிகளாகச் சுருக்கி, அவ்விதிகளைக் கொண்டே ஆசிரியரையும் அளந்துபார்க்கும் முயற்சி இது. முயற்சி எவ்வளவு தூரம் வென்றது என்பதே நம் கேள்வி.

விதிகள் வருவதற்கு முன் இருந்த பாடமுறையை நார்மன் மக்ளீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்ற கதையில் காணலாம். 1976-இல் வெளிவந்த நூல் அது. மான்டானாவில் வாழும் பாதிரியார் ஒருவர் தம் பிள்ளைகளுக்கு வீச்சுக் கற்றுக்கொடுக்கிறார். இசை பயில்வோர் வைத்திருக்கும் தாளக்கருவி டிக்டிக் என்று அடிக்க, நான்கு எண்ணி முடிப்பதற்குள் கழி பத்து மணி நிலைக்கும் இரண்டு மணி நிலைக்கும் இடையே போய்வர வேண்டும். இக்கதை 1992-இல் திரைப்படமாக வந்தபோது ஆற்றங்கரைகளில் புதிய கூட்டம் சேர்ந்தது. இலக்கியம் என்ற அளவில் கதை மிக உயர்ந்தது; அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் படித்தவர்கள் பலர் அதைப் பாடநூலாகவும் கொண்டுவிட்டார்கள். வழக்கு அங்கேதான்.

பத்துக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 120 பாகை. கழி சற்றும் வளையாத இரும்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியை மையமாக வைத்து அதைத் திருப்பினால் நுனி ஒரு வட்டவில்லை வரையும். கழியின் நுனி போகும் வழியிலேயே கயிறும் போகும். வில்லின் மேடு உயர்ந்தால், காற்றில் கயிறு மடிந்து விரியும் மடிப்பும் அகலமாகும். அகன்ற மடிப்பைக் காற்று பிடித்து நிறுத்திவிடும். கயிறு நீளாமல் குவியலாக விழும்.

உண்மையான கழி வளைகிறது. வீச்சின் நடுவில் கயிற்றின் இழுப்பால் கழி வளைந்து குட்டையாக, நுனி சற்றுத் தாழ்கிறது. வட்டவில்லின் மேடு தட்டையாகி நேர்கோட்டை நெருங்குகிறது. அப்போது மடிப்புக் குறுகி அம்புபோல் பாய்கிறது. குட்டைக் கயிற்றுக்குக் கழி கொஞ்சமே வளையும். ஆகவே கோணமும் சிறிதாக இருத்தல் வேண்டும். நெடுங்கயிற்றுக்குக் கழி மிகுதியாக வளையும். கோணமும் விரிய வேண்டும். கயிறு நீண்டும் கோணம் விரியாவிட்டால், நுனி நடுவில் குழியாக இறங்கிப் பின் மேலெழும். மடிப்பின் மேலிழை கீழிழையைக் குறுக்கே வெட்டும். நுனியிழையில் முடிச்சு விழும். மீன் பிடிப்போர் இதைக் 'காற்று முடிச்சு' என்று சொல்லித் தம் கையின் பிழையைக் காற்றின் தலையில் போட்டுவிடுவார்கள்!

ஆகவே எந்நேரமும் பத்துக்கும் இரண்டுக்கும் இடையே வீசு என்னும் பாடம் ஏதோ ஒரு நீளத்துக்குத்தான் பொருந்தும். தாளக்கருவியின் கதையும் இதுவே. பின்புறம் எறிந்த கயிறு முழுதும் நீளும்வரை காத்திருந்து முன்வீச்சைத் தொடங்க வேண்டும். 8 மீட்டர் கயிறு நீள ஆகும் நேரத்தில் 16 மீட்டர் கயிறு நீண்டுவிடாது. மாறாத தாளத்துக்கு வீசுபவர், நீண்ட கயிற்றைப் பாதி விரிவதற்குள் இழுத்துவிடுவார். சாட்டை சொடுக்கியதுபோல் ஓசை கேட்கும், நுனியில் ஈ இராது. புல்வெளியில் கயிற்று நீளத்தை மாற்றாமல் முதல் நாள் பயிலும் சிறுவனுக்குக் கடிகாரம் ஒரு கைத்தாங்கல் என்று ஒப்புக்கொள்ளலாம். மறுநாளே அதை எடுத்துவிட வேண்டும்.

கடிகாரத்தை உதறியவர்களில் லெஃப்டி கிரே முக்கியமானவர். 1974-இல் வந்த தம் நூலில், கழியை வேண்டிய அளவு பின்னே கொண்டுபோகலாம் என்று துணிந்து எழுதினார். ஜோன் உல்ஃப் வேறொரு குறையைக் கண்டார். தொலைவீச்சில் ஆடவரோடு போட்டியிட்டு வென்ற பெண்மணி அவர். 1960-இல் 161 அடி, அதாவது சுமார் 49 மீட்டர் வீசியவர். வீச்சு தோள்வலிமையால் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கணவர் லீ உல்ஃபுடன் 1979-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளியும் தொடங்கினார். வீச்சின் பகுதிகளுக்குப் பெயரே இல்லாதபோது ஆசிரியர் எதைச் சுட்டித் திருத்துவது? 1987-இல் வெளியான தம் நூலில் ஒரே அசைவாகத் தோன்றும் வீச்சைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்தார். கடைசியில் வரும் விரைந்த திருப்பத்தை அவர் ஒரு சொடுக்கு என்றே குறித்தார். இலக்கணம் இல்லாத மொழிக்கு இலக்கணம் செய்த பணி என்று இதைச் சொல்வது மிகையாகாது.

இனிக் கேமல்களின் நூலுக்கு வருவோம். அவர்கள் சொல்லும் விதிகள் ஐந்து. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கயிற்று நீளத்துக்கேற்ற இடைநிறுத்தம் வேண்டும். கயிற்றில் தொய்வு குறைவாக இருக்க வேண்டும். கழியின் நுனி நேர்கோட்டில் செல்ல வேண்டும். கயிறு நீள நீள வீச்சுக்கோணமும் விரிய வேண்டும். விசையைச் சரியான அளவில், சரியான இடத்தில் செலுத்த வேண்டும்.

இவ்விதிகளின் பெருமை, இவை கையைப் பற்றி ஒன்றும் சொல்லாமையே. முழங்கையை விலாவோடு ஒட்டு, மணிக்கட்டை மடக்காதே, கட்டைவிரலை மேலே வை என்று பழைய ஆசிரியர்கள் உடம்புக்கு ஆணையிட்டார்கள். உடம்புகள் பலவிதம். குள்ளமானவரும், மூட்டுவலிக்காரரும், இடக்கையரும் ஒரே ஆணைக்கு எப்படிக் கட்டுப்படுவார்கள்? கேமல்கள் கயிற்றுக்கும் கழிநுனிக்கும் நேர வேண்டியதை மட்டும் சொன்னார்கள். அது நிறைவேறினால், கை எப்படி அசைந்தாலும் சரி. எந்தக் கைத்திறனைக் கற்பிப்போருக்கும் இது நல்ல பாடம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. மூன்றாம் விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால், கயிறு திரும்பிவந்து கழியின் நுனியிலேயே மோதும். வீச்சின் இறுதியில் நுனி சிறிது விலகித் தாழ்ந்தால்தான் மடிப்பே உண்டாகும். ஐந்தாம் விதியோ விதியே அன்று. 'சரியான அளவு' எது என்று கேட்டால், நல்ல மடிப்பைத் தரும் அளவு என்கிறார்கள். நல்ல மடிப்பு எப்படி வந்தது என்று கேட்டால், சரியான அளவு விசையால் வந்தது என்கிறார்கள். சமையற் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதுவதைப் போன்றது இது. தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. விசையை மெல்லத் தொடங்கிச் சீராகக் கூட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். இடையில் திடீரென்று கூட்டினால் கழி அங்கே மிகுதியாக வளைந்து நுனி குழியும். இப்படிச் சொல்லியிருந்தால் மூன்றாம் விதிக்கும் ஐந்தாம் விதிக்கும் உள்ள தொடர்பு மாணவனுக்கு விளங்கியிருக்கும்.

இன்னொரு தவறான கருத்து, நூல்களிலும் ஆசிரியர் வாயிலும் நெடுநாளாக வாழ்ந்துவருகிறது. கழி ஒரு வில் என்பது அது. கழியை வளைத்து ஆற்றலைச் சேமிக்கிறோம், நிமிரும்போது அது கயிற்றை எய்கிறது என்பார்கள். கழியைச் 'சுமையேற்றுதல்' என்று அவர்கள் வழங்கும் சொல்லே இந்த எண்ணத்தை வளர்த்தது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கயிற்று நுனியைக் கையில் பிடித்து, கழியை வில்லாக வளைத்து விட்டுப்பாருங்கள். கயிறு சில மீட்டர் போய் விழுந்துவிடும். ஆற்றலின் பெரும்பகுதி கழியை நெம்புகோலாகச் சுழற்றுவதிலிருந்தே வருகிறது. வளைந்து நிமிர்வதால் கிடைப்பது சிறு பங்கு. வளைவின் முதன்மையான பயன், நாம் மேலே பார்த்தபடி, நுனியை நேர்வழியில் செலுத்துவதாகும். சேமிப்புக் கதையை நம்பும் மாணவன் கழியை எப்படியாவது வளைக்க வேண்டுமென்று முரட்டுவிசை செலுத்துவான், நுனி குழியும், முடிச்சு விழும். தவறான விளக்கம் தவறான கையை உண்டாக்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இயற்பியலார் இதற்குள் தம் பங்கைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஸ்போலெக் 1986-இலும், ராப்சன் 1990-இலும் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழில் கட்டுரைகள் எழுதினர். மடிப்பின் கீழிழை நிற்கிறது, மேலிழை ஓடுகிறது. ஆகவே மடிப்பின் முகம் மேலிழையின் வேகத்தில் பாதியாக முன்னேறும். போகப்போக ஓடும் கயிற்றின் அளவு குறைகிறது. இருக்கும் ஆற்றல் சிறு துண்டில் ஒடுங்குகிறது. காற்றின் தடை இல்லாவிட்டால் நுனியின் வேகம் எல்லையின்றி ஏறும். அந்தத் தடையே ஈயை மெல்ல இறக்கி வைக்கிறது. ஒரு பொழுதுபோக்கில் இவ்வளவு அழகான கணக்கு இருப்பதைப் பாடநூல்கள் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ஆசிரியர் தேர்வில் எழுத்துத் தேர்வு, வீசிக்காட்டுதல், விளக்கிக் கற்பித்தல் ஆகிய பகுதிகள் உள்ளன. வீசிக்காட்டும் பகுதி புல்வெளியிலேயே நடக்கும். முள்ளுக்குப் பதில் வண்ணக் கம்பளிநூலைக் கட்டியிருப்பார்கள். இங்கே ஒரு பகுதியை மனமாரப் பாராட்ட வேண்டும். குறுகிய மடிப்பைச் செய்துகாட்டச் சொல்வதோடு, அகன்ற மடிப்பையும், இழைகள் குறுக்கே வெட்டும் கெட்ட மடிப்பையும் வேண்டுமென்றே செய்துகாட்டச் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் மீன் பிடித்த கைகாரர்கள் இங்கேதான் திணறுவார்கள். தற்செயலாக நூறுமுறை செய்த பிழையை, கேட்டவுடன் ஒருமுறை செய்ய முடிவதில்லை. காரணம் தெரிந்தவர்தான் பிழையையும் விரும்பியபடி செய்ய இயலும். நம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளிலும் இத்தகைய கேள்வி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரு கணக்கில் மாணவன் எப்படியெல்லாம் தவறுவான் என்று, செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுப்பார்க்கலாம்.

75 அடி தொலைவு வீச வேண்டுமென்னும் நிபந்தனை எனக்கு அவ்வளவாக உடன்பாடன்று. சிற்றாறுகளில் டிரவுட் பெரும்பாலும் அதில் பாதித் தொலைவுக்குள்ளேயே அகப்படும். நெடுவீச்சில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும், ஆகவே அது நல்ல அளவுகோல் என்பார்கள். வீசுபவரை அளக்க அது நல்லதுதான். கற்பிப்பவரை அளக்க அது போதாது.

கற்பித்தற் பகுதியில் மாணவராக நடிப்பவர் தேர்வாளரே. அவர் தெரிந்தே ஒரு பிழையைச் செய்வார். தேர்வெழுதுபவர் அதைக் கண்டு, ஐந்து விதிகளில் எது மீறப்பட்டது என்று கூறித் திருத்த வேண்டும். இருவருக்கும் சொற்கள் முன்பே தெரியும். பிழையும் முன்பே தெரியும். மனப்பாடம் செய்தவர் இங்கே எளிதில் தேறிவிடலாம். உண்மையான மாணவன் ஒரே நேரத்தில் மூன்று பிழை செய்வான். 'கோணம்' என்றால் விழிப்பான். கைவலிக்கிறது என்று கழியைக் கீழே வைப்பான். தேர்வு நாளில், கழியையே தொட்டறியாத பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை அழைத்துவந்து, அரைமணி நேரம் தேர்வெழுதுபவரிடம் ஒப்படைத்தால் போதும். அரைமணி கழிந்தபின் அப்பையனின் கயிறு பின்னால் நேராக நீள்கிறதா என்று பார்த்துவிட்டு மதிப்பெண் போடலாம்.