கதைநேரமும் படப் புத்தகமும்: மருதனார்மடத்தை முன்வைத்து

நமது விமர்சனப் பக்கங்களில் கவிதைத் தொகுதிக்கு இடமுண்டு. சிறுகதைக்கும் நாவலுக்கும் இடமுண்டு. சிறுவர் நூலுக்கு 'நல்ல முயற்சி' என்ற இரண்டு சொற்கள் உண்டு. மூன்று வயது தொடக்கம் ஆறு வயது வரையான பிள்ளையின் கையில் கொடுக்கப்படும் படப் புத்தகத்துக்கோ அந்த இரண்டு சொற்களும் கிடைப்பதில்லை. 'வரப்பெற்றோம்' பட்டியலோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. வாசிப்பு அருகிவிட்டது என்று ஒவ்வொரு வெளியீட்டு விழாவிலும் வருந்தும் நாம், வாசகன் உருவாகும் முதலாவது இடத்தை இலக்கியத்தின் எல்லைக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. நூலகத்தின் சிறுவர் பகுதியில் பாய் விரித்து நடத்தப்படும் கதைநேரமே அந்த இடம். அங்கே பிள்ளைகளுக்குக் காட்டப்படும் நூல், நூல் என்ற வகையில் நல்லதுதானா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருதனார்மடத்தை முன்வைப்பதற்குக் காரணமுண்டு. காங்கேசன்துறை வீதியில் இணுவிலைக் கடந்து சுன்னாகத்தை அடையுமுன் வரும் சந்தி அது. சுற்றியுள்ள செம்மண் தோட்டங்களின் மரக்கறி வந்து குவியும் சந்தை அங்கே இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களின் கல்விக்காக 1913இல் நிறுவிய இராமநாதன் கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் இன்று பீடமாக வளர்ந்து, இசை, நடனத்தோடு காண்பியக் கலையையும் கற்பிக்கிறது. அயலில் உள்ள சுன்னாகமோ வட இலங்கைத் தமிழ் நூற்பதிப்பகத்தின் பாடநூல்களால் ஒரு காலத்தில் நாடெங்கும் அறியப்பட்ட பதிப்பூர். ஊருக்கு ஊர் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் உண்டு. ஒரு படப் புத்தகத்துக்கு வேண்டிய ஓவியர், பாட்டுக்காரர், அச்சுக்காரர், வாசகர் அனைவரும் ஒரு சைக்கிள் ஓட்டத் தூரத்துக்குள் இருக்கிறார்கள். ஆயினும் அங்குள்ள பிள்ளை புரட்டும் படப் புத்தகம் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோதான் வருகிறது. தன் சந்தையையும் தன் தோட்டத்தையும் அப்பிள்ளை நூலில் காண்பது அரிது.

இந்நிலைக்கு வரலாறு ஒரு காரணம். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் சிறுவர் பகுதி 1967இல் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய எரிப்பில் அந்நூலகத்தின் 97,000 வரையான நூல்கள் அழிந்தன. அன்று யாழ். பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' அந்த அழிவின் இலக்கியச் சாட்சியாக நிலைத்துவிட்டது. ஓலைச்சுவடிகள் எரிந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு நூலகம் என்பது சாம்பல் பூத்த கட்டடமாக மட்டுமே தெரிந்திருந்தது என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

ஆனால் எல்லாப் பழியையும் வரலாற்றின் தலையில் போட்டுவிட முடியாது. படப் புத்தகம் என்றால் என்ன என்பதில் நமக்கே தெளிவில்லை. சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் எழுதி, தாமே படமும் வரைந்த குடைத் திருடன் கதையை இவ்விடத்தில் எடுத்துப் பார்க்கலாம். குடையையே கண்டறியாத ஊரிலிருந்து கிரி மாமா பட்டினத்துக்குப் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். ஊருக்குத் திரும்பிக் கோப்பிக் கடையில் கோப்பி குடித்துவிட்டு வெளியே வந்தால் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடியும் களவு போகிறது. கடைசியில் குடை மடிப்புக்குள் கடதாசித் துண்டுகளைக் கிழித்துப் போட்டு வைக்கிறார். மறுநாள் அவை விழுந்து கிடந்த வழியே போனால், காட்டு மரமொன்றில் எல்லாக் குடைகளும் தொங்குகின்றன. திருடனுக்கென்று ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்து வந்து குடைக்கடை போடுகிறார். திருடன் ஒரு குரங்கு.

இந்தக் கதையில் 'களவு செய்தல் தீது' என்ற வரி எங்கும் இல்லை. திருடனுக்கும் ஒரு குடை மிஞ்சுகிறது. வாழையிலையையும் சாக்கையும் தலையில் பிடித்துக்கொண்டு மழையில் நடக்கும் ஊரைப் படம் காட்டுவதால், குடை எவ்வளவு பெரிய அதிசயம் என்று சொற்கள் விளக்க வேண்டியதில்லை. படம் ஒரு வேலையையும் சொல் இன்னொரு வேலையையும் செய்கின்றன. இரண்டையும் இணைக்கும் வேலை பிள்ளைக்கு விடப்படுகிறது. படப் புத்தகத்தின் கலை இதுதான்.

நம்மிடையே வெளிவரும் நூல்களில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. முதலாவது, நீதி. கடைசிப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வந்து பாடம் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாவது, மொழி. நான்கு வயதுப் பிள்ளைக்கு 'முயலார் மிக்க மகிழ்வுற்றார்' என்று எழுதுகிறோம். வாசித்துக் காட்டும் ஆசிரியை ஒவ்வொரு வரியையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது, படம் சொல்லின் நிழலாக இருப்பது. 'யானை குளித்தது' என்ற வரிக்கு மேல் குளிக்கும் யானை, அதற்கப்பால் எதுவுமில்லை. அந்தக் குளத்தில் ஒரு தவளை பயந்து பாய்வதாக ஓவியர் வரைந்திருந்தால் பிள்ளை அங்கே நின்றிருக்கும்.

இதற்கு மேலைநாட்டைப் பார்த்துத்தான் பாடம் படிக்க வேண்டுமென்பதில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளுக்காகப் பாடியபோது, ஊரின் தீனையும் தோட்டத்தையுமே காட்சியாக்கினார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா', சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற நாடகங்கள், பிள்ளையைக் கைகட்டி இருத்தாமல் ஆடவும் பாடவும் விட்டன. இவ்விரு மரபுகளும் யாழ்ப்பாணத்துக்கு நன்கு பரிச்சயமானவை. கதைநேரம் இவற்றிடமிருந்து கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை என்பதே என் குறை.

கதைக்குப் பின் நடக்கும் கைவேலையிலும் இதே நிலைதான். ஆசிரியை முன்கூட்டியே வெட்டிவைத்த முயலுக்கு இருபது பிள்ளைகளும் பஞ்சு ஒட்டுகிறார்கள். இருபதும் ஒரே முயல். சுவரில் தொங்கவிட்டால் பெற்றாருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அந்த முயலில் எந்தப் பிள்ளையும் இல்லை. குடைத் திருடன் கதை சொன்ன அன்று பிள்ளைகளிடம் பழைய பத்திரிகையைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லலாம். நூலக வாசலிலிருந்து இறாக்கை வரைக்கும் அத்துண்டுகளைப் போட்டுக்கொண்டே போய், திருடனைத் தேடலாம். கிழிப்பதும் கைவேலைதான். பனையோலைக் கிலுகிலுப்பை பின்னத் தெரிந்த ஒரு ஆச்சியையோ, பன்பாய் இழைக்கத் தெரிந்த ஒரு உம்மம்மாவையோ அழைத்து வந்தால், கடையில் வாங்கும் மினுமினுப்புக் கடதாசிக்குத் தேவையிருக்காது.

இனி நம்மைத் தொடும் விடயம். தமிழ்ப் படப் புத்தகங்களில் முஸ்லிம் பிள்ளை எங்கே இருக்கிறது? பெருநாள் பற்றிய பக்கத்தில், தொப்பி போட்டுக்கொண்டு. மற்றப் பக்கங்களில் பட்டம் விடுவதும் மழையில் நனைவதும் பல் விழுந்து அழுவதும் வேறு பிள்ளைகள். உம்மா, வாப்பா, ராத்தா என்ற சொற்கள் நூலில் இல்லாதபோது, கதை சொல்பவர் வாயால் மாற்றிச் சொல்லிவிடலாம். சொல் வீட்டுக்கு வீடு மாறும் தன்மையுடையது. படத்தை அப்படி மாற்ற முடியாது. ஆகவேதான் படத்தில் யார் வீடு வரையப்படுகிறது என்பது முக்கியமாகிறது.

இக்குறைக்கு நாமும் பொறுப்பாளிகள். மாவனல்லை உ. நிசார் போன்ற ஒரு சிலரைத் தவிர, நமது எழுத்தாளர்கள் சிறுவருக்கு எழுதுவதை இளைப்பாறும் வேலையாகவே கருதினார்கள். உருவப் படம் பற்றிய தயக்கமும் சிலரிடம் உண்டு. அதனைக் கேலி செய்யத் தேவையில்லை. ஆனால் ஆயிஷா நாயகி சிறுவயதில் பொம்மைகளோடு விளையாடிய செய்தி ஹதீஸ்களில் உண்டு. பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாக இப்னுல் முகஃப்பஃ கையில் 8ஆம் நூற்றாண்டில் அரபியில் 'கலீலா வ திம்னா' ஆயின. 13ஆம் நூற்றாண்டு முதலாக அதன் பிரதிகள் விலங்குகளின் வண்ண ஓவியங்களோடு கிடைக்கின்றன. படமும் கதையும் சேர்ந்த நூல் நமக்கு அந்நியமானதல்ல. மருதனார்மடத்துப் பிள்ளை கேட்கும் சிங்கமும் எருதும், பக்தாதில் கேட்கப்பட்ட அதே சிங்கமும் எருதும்தான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கிவர, வலிகாமத்துத் தமிழ் மக்கள் தம் ஊர்களை விட்டுப் பெயர்ந்தார்கள். காரணங்கள் வேறு, நியாயங்கள் வேறு. ஒன்றை மற்றொன்றால் சமன்செய்ய முடியாது. ஆனால் கதவைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு பொருளோடு நடந்த பிள்ளை இரு பக்கத்திலும் உண்டு. அதன் பிறகு ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் முஸ்லிம் பிள்ளையோடு ஒரு வாங்கிலில் இருந்து பழகாமலே வளர்ந்தார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த நமது பிள்ளைகளுக்கோ சோனகத் தெரு மூத்தவர்களின் பேச்சில் மட்டுமே இருந்தது. இன்று அவர்களும் பெற்றாராகிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை கையில் எடுத்துச் சென்றது என்ன? இந்தக் கேள்வி ஒன்றே ஒரு படப் புத்தகத்துக்குப் போதும். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி, குற்றப்பத்திரிகையும் இல்லை, நீதியும் இல்லை. மருதனார்மடத்தில் ஓவியம் பயிலும் ஒருவரும் புத்தளத்திலோ சோனகத் தெருவிலோ இருந்து எழுதும் ஒருவரும் சேர்ந்தால் ஆகக்கூடிய காரியம் இது. ஒவ்வொரு ஒக்டோபரும் வாசிப்பு மாதம் என்று நூலகங்களில் பதாகை கட்டப்படுகிறது. அந்த மாதத்துக் கதைநேரத்தில் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக விரித்துக் காட்ட அப்படியொரு நூல் இன்னும் நம் கையில் இல்லை. அது வெளிவரும் நாளில் 'நல்ல முயற்சி' என்று எழுதிக் கடந்துவிடாமல், எந்தப் பக்கத்தில் ஓவியர் தவறினார், எந்தப் பக்கத்தில் வென்றார் என்று எழுத நமது விமர்சகர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.