வீட்டுக்காரர் கையெழுத்து

பெண் தொழில்முனைவோரைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் வெற்றிக் கதைகளை ஓர் இலக்கிய வகையாகவே வைத்துப் படிக்கலாம். அதற்கென்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. முதல் பத்தியில் ஒரு சிறு தொகை: ஐந்நூறு ரூபாய், அல்லது அடகுக் கடைக்குப் போன ஒரு ஜோடிக் கம்மல். அடுத்து ஓர் இடி: கணவரின் விபத்து, குடி, கடன். பிறகு வைராக்கியம். பிறகு ஒரு பெரிய தொகை, ஒரு விருது, பட்டுப் புடவையில் ஒரு படம். கம்பருக்கு ஆற்றுப்படலம் எப்படியோ அப்படி இந்த வகைக்குக் கம்மல் அடகு.

இந்தக் கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவிகள் இவற்றைக் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இவை தேவைப்படுகின்றன. என் புகார் வேறு. ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் நடுவில் ஓர் அரை வாக்கியம் வருகிறது: ‘கணவரும் உறுதுணையாக இருந்தார்.’ வந்த வேகத்தில் போய்விடுகிறது. அந்த அரை வாக்கியத்துக்குள் ஒரு வீட்டுப் பத்திரம் இருக்கலாம். வங்கி மேலாளர் முன்னால் போட்ட ஒரு கையெழுத்து இருக்கலாம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த ஒரு மாமியார் இருக்கலாம். தொழில் என்பது இவற்றால்தான் நடக்கிறது. கதையோ வைராக்கியத்தால் நடக்கிறது.

நான் வசிப்பது மணவாள நகரில். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர், வீரராகவப் பெருமாள் கோயில், அமாவாசைக் கூட்டம். இந்தப் பக்கம் நாங்கள். காக்களூர் சிட்கோ பேட்டை அருகில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் வேன்கள் விடிவதற்குள் தெருமுனையில் நிற்கும். மின்சார ரயிலில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஒரு கூட்டம் போகும். அதிகாலை ஷிப்டுக்கு வேன் ஏறும் பெண்ணுக்கு முந்தின நாள் அரிசி ஊறப்போட நேரம் கிடையாது. அதனால் தெருவுக்கு இரண்டு வீட்டு வாசலில் ‘இட்லி தோசை மாவு கிடைக்கும்’ என்று அட்டை தொங்குகிறது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்ணின் காலைப் பொழுதை மாவு அரைக்கும் பெண் தாங்கிப் பிடிக்கிறாள். தொழில் பேட்டையின் வரைபடத்தில் அவளுடைய கிரைண்டர் இல்லை. ஆனால் பேட்டை ஓடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

என் மாணவி ஒருத்தியின் அம்மா அப்படி மாவு விற்பவர். நாள் ஒன்றுக்கு முப்பது கிலோ போகும். விடுமுறை நாள் என்றால் நாற்பது. உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற கட்டத்தில் அந்தப் பெண் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அம்மா சும்மா வீட்லதான் இருக்காங்க மேடம். மாவு மட்டும் போடுவாங்க” என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்த மொழியில் அதுதான் உண்மை.

மொழி என்று சொன்னதால் சொற்களையே பார்க்கலாம். ‘முதலாளி’ என்ற சொல்லுக்குப் பெண்பால் எது? ‘முதலாளியம்மா’ என்கிறோம். ஆனால் அந்தச் சொல் கேட்டதும் மனத்தில் வருவது முதலாளியின் மனைவி. பூக்காரம்மா, கீரைக்காரம்மா, மீன்காரம்மா, இட்லிக்கடை ஆயா: இவையெல்லாம் பெண்ணையே குறிக்கின்றன, யாருடைய மனைவியையும் அல்ல. முதல் சிறியதாக, கூடையில் அடங்குவதாக இருக்கும்வரை தொழிலின் பெயர் அவளுடையது. கூடை கடையாகி, கடைக்குப் பலகை மாட்டியதும் பெயர் வேறொருவரிடம் போய்விடுகிறது. பழைய தமிழில் உப்பு விற்றவளுக்கு உமட்டி என்று பெயர் இருந்தது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத் தெருவில் கள் விற்றவர்கள் நொடையாட்டியர். நொடை என்றால் விலை. விலை சொல்லி விற்பவள் என்று தொழிலிலிருந்தே நேராகப் பிறந்த பெண்பாற்பெயர் அது. இன்று நாம் புழங்கும் ‘தொழில்முனைவோர்’ பொதுச்சொல். ஆனால் முன்னால் ‘பெண்’ என்று ஒட்டினால்தான் அதில் பெண் தெரிகிறாள். ‘ஆண் தொழில்முனைவோர்’ என்று நான் எங்கும் படித்ததில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்த மாணவியின் அம்மா பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கி, மளிகைக் கடைகளுக்கு மாவு பாக்கெட் போட நினைத்தார். வீட்டு மின் இணைப்பில் அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தொழிலுக்கு என்றால் வேறு இணைப்பு, வேறு கட்டணம். வாடகை வீடு. விண்ணப்பத்தைப் பார்த்தவர், “வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்மா” என்றிருக்கிறார். இவர் கணவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்டது வீட்டு உரிமையாளரின் கையெழுத்தை. தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்; அவரும் சிரித்தார். வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், கிரைண்டர் சத்தம் மாடிக்குக் கேட்கிறதாம். பெரிய கிரைண்டர் வரவில்லை.

தமிழில் வீட்டுக்குச் சொந்தக்காரருக்கும் கணவருக்கும் ஒரே சொல். இதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் தொழில் தொடங்கும்போது முதலில் வந்து நிற்கும் கேள்வி, அது நடக்கும் இடம் யாருடையது என்பது. அந்தக் கேள்விக்கு மொழி முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறது.

நம் மரபில் சிறுதொழில் செய்யும் பெண்ணின் மிகப் புகழ்பெற்ற கதை வந்தியுடையது. திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலம். பக்திக் கதையாகவே சொல்லிப் பழகிய அதை ஒரு முறை கணக்குப் புத்தகமாகப் படித்துப் பாருங்கள். குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணம் கோயிலுக்குப் போகிறது. நரிகள் பரிகளாகி மீண்டும் நரிகளாகின்றன. அரசன் வாதவூரரைத் தண்டிக்க, வைகையில் வெள்ளம் வருகிறது. இதில் எதிலும் பிட்டு விற்கும் கிழவிக்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் கரையை அடைக்க ஊரார் எல்லோருக்கும் பங்கு பிரித்தபோது அவளுக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளிடம் பிட்டு உண்டு, வாடிக்கையாளர் உண்டு, கைநேர்த்தி உண்டு. இல்லாதது ஓர் ஆண். ‘ஆள் இல்லை’ என்பது அவள் அழுகை. அப்போதுதான் இறைவன் கூலியாளாக வருகிறார், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு. வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. உண்டார், ஆடினார், உறங்கினார். பிரம்படி அவர்மேல் விழுகிறது, உலகமே வலி உணர்கிறது.

முடிவில் வந்திக்குச் சிவலோகம் கிடைக்கிறது. பக்தைக்கு அதைவிட மேலான பேறு இல்லை. ஆனால் பிட்டுக் கடை என்ன ஆயிற்று? பங்கு பிரித்த விதி மாறியதா? அடுத்த வெள்ளத்தில், ஆண் இல்லாத இன்னொரு வீட்டுக்கு யார் வந்தார்? மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழா நடக்கிறது, வந்தியை நினைவில் வைத்திருக்கிறோம். விதியைப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைய வெற்றிக் கதைகள் செய்வதும் இதையேதான்: தடையைக் காட்டிவிட்டு, ஓர் அற்புதத்தால் அதைத் தாண்ட வைத்து, தடையை அப்படியே இடத்தில் விட்டுவிடுகின்றன. அற்புதத்துக்கு வைராக்கியம் என்று புதுப்பெயர், அவ்வளவே.

வந்தியின் குறை இன்னும் தீரவில்லை என்று எண்களும் சொல்கின்றன. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-14இல் முடிந்தது. நாட்டின் சுமார் 5.85 கோடித் தொழிலகங்களில் பெண்கள் நடத்துபவை ஏறக்குறைய 80 லட்சம், 14 விழுக்காட்டுக்கும் கீழே. அவற்றை அதிகம் கொண்ட மாநிலம் தமிழ்நாடு. மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். அதே கணக்கெடுப்பில் இன்னொரு வரி உண்டு: பெண்கள் நடத்தும் தொழிலகங்களில் நூற்றுக்கு 83 கூலிக்கு ஓர் ஆள்கூட வைத்துக்கொள்ளாதவை. ஆள் இல்லாதவள் தன் உடம்பையும் தன் நேரத்தையும்தான் முதலாகப் போட வேண்டும். அந்த நேரமோ வீட்டுக்கு ஏற்கெனவே அடகில் இருக்கிறது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள், நாளுக்கு 299 நிமிடம். ஆண்களில் 26 பேர், 97 நிமிடம். கம்மலை மீட்கலாம்.

இலக்கிய வரலாற்றுக்காரர்களான நாமும் இதில் சேர்த்தி. வை.மு. கோதைநாயகி அம்மாளை நாவலாசிரியர், மேடைப் பேச்சாளர், சிறை சென்ற தியாகி என்றெல்லாம் பாடம் நடத்துகிறோம். 1901இல் பிறந்து, ஐந்து வயதில் மணம் செய்விக்கப்பட்டவர். முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வைத் தோழி பட்டம்மாளிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்தவர். 1925இல் நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கி, 1960இல் மறையும் காலத்தையொட்டி வரை ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அதன் முகமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் சொந்த அச்சகமும் வைத்தார். இது ஒரு தொழில். காகிதம் வாங்க வேண்டும், சந்தா வசூலிக்க வேண்டும், அச்சுக் கோப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், உலகப் போர்க் காலத்தின் காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வேண்டும். அவர் எழுதிய 115 நாவல்களைச் சொல்லும்போது விமர்சகர்களின் குரலில் ஓர் இளக்காரம் எட்டிப் பார்க்கும்: இவ்வளவு எழுதினால் தரம் எப்படி இருக்கும்? தொடர்கதைதான் அடுத்த மாதச் சந்தாவைக் கொண்டுவந்தது என்று பார்த்தால் அந்த எண்ணுக்கு வேறு பொருள் வருகிறது. 115 என்பது ஓர் எழுத்தாளரின் எண் மட்டுமல்ல. மாதாமாதம் சரக்குப் போட்டே தீர வேண்டிய வியாபாரியின் எண். அவருடைய இதழை ஒரு நிறுவனமாகப் பார்க்கும் ஆய்வை யாராவது ஒரு மாணவி எடுத்தால் நான் நெறியாளராக இருக்கத் தயார்.

அவருக்கும் கணவர் உறுதுணையாகவே இருந்தார். பார்த்தசாரதியின் ஊக்கம் இல்லாமல் அந்த இதழ் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல கணவர் அமைவதைத் தொழிலுக்கான மூலதனமாக வைத்துக்கொள்ள முடியாது. அது கடனாகவும் கிடைக்காது.

தனி நாயகி இல்லாத கதையும் நம் ஊரில் நடந்திருக்கிறது. அதைப் பத்திரிகைகள் அதிகம் சொல்வதில்லை, படம் போட ஒரு முகம் போதாததால் இருக்கலாம். 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கினார். கட்சி அரசியலிலிருந்து விலகி வந்தவர் அவர். தொடங்கியபோது கூடியவர்கள் சுமார் 800 பேர். சேரிகளில் காய், பூ, மீன் என்று விற்றவர்கள். தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கொடுத்தவர்கள். முதலில் தேசிய வங்கிகளின் கதவைத் தட்டிக் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் இருந்த இழுத்தடிப்பைப் பார்த்து 1981இல் தங்களுக்கே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். கடனோடு சாதி மறுப்பு மணத்தையும் வரதட்சணை எதிர்ப்பையும் பேசியது அந்த மன்றம். அங்கே ‘கணவரின் உறுதுணை’ இருந்த இடத்தில் பக்கத்துத் தெருப் பெண்ணின் பிணை இருந்தது.

அந்தப் பிணையைப் பிறகு வட்டிக் கம்பெனிகளும் கற்றுக்கொண்டன. இன்று எங்கள் தெருவில் குழுக் கடன் வசூல் நாளன்று ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. தோழமையாகத் தொடங்கியது காவலாக மாறிவிட்டது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

சொத்தின் கதைக்கு வந்தால், தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை கொடுத்தது, அப்போது மணமாகாதிருந்தவர்களுக்கு. நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. சட்டம் வந்தும், ‘அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன்’ என்று பெருமையோடு சொல்லும் பெண்களை என் குடும்பத்திலேயே காட்ட முடியும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. சிறிய சலுகைதான். ஆனால் வைராக்கியத்தைப் பற்றிய நூறு கட்டுரைகளைவிட இது சரியான இடத்தில் கை வைக்கிறது.

இந்தப் பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஆளுக்கொரு வெற்றிக் கதையை எடுத்துவர வேண்டும். அதில் கடை இருக்கும் இடம் யார் பெயரில், கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து, கடை நேரத்தில் பிள்ளையை யார் பார்த்தார் என்ற மூன்றுக்கும் பதில் தேடி அடிக்கோடிட வேண்டும். பத்தொன்பது கதைகள் வந்தன. மூன்றாவது கேள்விக்கு ஏழு கதைகளில் பதில் இருந்தது, எல்லாவற்றிலும் ஒரு பாட்டி. இரண்டாவதற்கு மூன்றில். முதல் கேள்விக்கு ஒன்றில் மட்டும் அடிக்கோடு இருந்தது. ‘வீட்டு மாடியில் தொடங்கினேன்’ என்ற வாக்கியத்தில் ‘வீட்டு’ என்ற சொல்லின் கீழே. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதைப் போட்டவள் மாவு விற்கும் அம்மாவின் மகள்.