200 டிகிரி மயக்கம்

சமீபத்தில் ஒரு கண் மருத்துவமனை வரவேற்பறையில் விழித்திரையை அகலமாகப் படமெடுக்கும் கருவியின் ஆளுயர விளம்பரப் பலகை ஒன்றைப் பார்த்தேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தே வேண்டாமாம். ஒரே படத்தில் 200 டிகிரி, விழித்திரையின் 82 சதவீதம் வந்துவிடுமாம். அதன் கீழே சர்க்கரை நோயாளிகள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கருவி நல்ல கருவிதான். மகனுக்கு ஒரு கண்ணில் பார்வை போன துயரத்திலிருந்து ஸ்காட்லாந்தின் டக்ளஸ் ஆண்டர்சன் அதை உருவாக்கினார். பழைய ஏழு பட முறை விழித்திரையில் சுமார் 30 சதவீதத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் முளைக்கும் புது ரத்தக் குழாய்களை இது பிடித்துவிடும். இதில் எனக்குச் சண்டையில்லை.

கூடுதலாகத் தெரிகிற அந்த ஓரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் பழைய புகார் இதுதான். ஓரத்தில் புண்கள் மிகுந்த கண்களில் சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் முற்றும் அபாயம் பல மடங்கு என்று பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையம் 2015இல் சொன்னது. அகலப் படத்தின் புகழ் அதில்தான் ஏறியது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மையங்களில் நான்கு ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வு 2022இல் வெளிவந்தபோது, வண்ணப் படத்தில் தெரிந்த ஓரப் புண்களுக்கும் நோய் முற்றுவதற்கும் தொடர்பு தென்படவில்லை. ஆஞ்சியோகிராமில் தெரிந்தவற்றுக்கு மட்டுமே இருந்தது. ஆஞ்சியோகிராம் என்றால் கை ரத்தக் குழாயில் சாயம் ஏற்ற வேண்டும், சிலருக்குக் குமட்டும். கண் பரிசோதனை முகாமில் யார் அதைச் செய்கிறார்கள்? ஆக, பலகை விற்பது ஆய்வு கைவிட்ட பாதியை.

அந்த வண்ணமும் முழு நிஜமல்ல. பல மாடல்களில் சிவப்பு, பச்சை லேசர்கள் இரண்டையும் கலந்து கணினி தீட்டுவது அது. படத்தின் அடியில் கண்ணிமை மயிர் கோரைப்புல் போல எழுந்து நிற்கும். அதுவும் அந்த 200 டிகிரிக் கணக்கில் சேர்த்திதான்.

ஓரத்தில் ரத்தம் ஓடாத இடங்களைப் படத்தில் கண்டு லேசர் சுட்டால், விழித்திரையின் நடுவில் வரும் வீக்கத்துக்குக் கண்ணில் போடும் ஊசிகள் குறையும் என்றும் நம்பினார்கள். 40 கண்களில் மூன்றாண்டு சோதித்தார்கள், குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அந்த நம்பிக்கைக்கு வேறு வலுவான ஆதாரத்தை யாரும் என்னிடம் காட்டியதில்லை.

சர்க்கரை நோயாளிகளின் பார்வையைப் பெரும்பாலும் மங்கவைப்பது நடுவில், மேக்குலாவில் வரும் வீக்கம். அதன் தடிமனைத் தட்டையான படம் அளக்காது, எத்தனை டிகிரி விரிந்தாலும். அதற்கு விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் வேண்டும். அந்தப் பலகையின் கீழே உட்காருகிறவர்களிடம், அவர்கள் எழுந்து போகும்முன், ஒன்றைக் கேளுங்கள்: "ஓசிடி எடுத்தீங்களா?"