எலும்பின்மேல் எழுதிய பெயர்

எலும்புகள் 206 என்று ஒப்பித்துவிட்டால் உடற்கூற்றுப் பாடம் முடிந்தது என எண்ணும் ஆசிரியர் நம்மிடையே உளர். அன்னார் ஒருமுறையேனும் காணவேண்டுவது, 1858இல் இலண்டனில் வெளிவந்த உடற்கூற்று நூல். எழுதியவர் ஹென்றி கிரே. படம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர்.

எலும்பின் மேடு, குழி, துளை ஆகியவற்றின் பெயர்களைக் கார்ட்டர் அவ்வவ்விடத்திலேயே பொறித்தார். எண்ணைக் கண்டு அடிக்குறிப்பைத் தேடும் அலுப்பு இல்லை. நூலின் உயிர் இதுவே. உரைநடையோ வறண்டது, அறுவை மருத்துவம் பயில்வோர்க்கென எழுந்ததால், ஒவ்வொரு பரப்பையும் கணக்கெடுத்துச் செல்கிறது.

அக்கணக்கைச் சிறுவரிடம் ஒப்பிக்கச் சொல்லுதல் பிழை. பயிற்சிக் காலத்தில் யானும் அவ்வாறே நெட்டுருப் போட்டேன், தேர்வோடு மறந்தேன். காதின் பின்னே தட்டுப்படும் எலும்பு மேட்டை மாணவன் தொட்டுப் பார்க்கட்டும். பிறந்த குழந்தைக்கு அம்மேடு இல்லை; தலை நிமிர்ந்தபின், கழுத்துத் தசை இழுக்க இழுக்க வளர்வது அது. மேடு பெரும்பாலும் தசை பற்றும் இடம். துளை நரம்பும் குருதிக்குழாயும் செல்லும் வழி. காரணம் அறிந்த பெயர் நெஞ்சில் நிற்கும். கார்ட்டரின் படம் நமக்குக் கற்பிப்பது இம்முறையே.