இறைச்சி ஆணத்தை மறந்த ஒரு பின்னேரம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிற நேரம் மாட்டிறைச்சி ஆணத்தின் வாசம் வாசலுக்கே வந்துவிட வேண்டும். இது எங்கள் வீட்டுக்காரரின் சட்டம். மற்ற நாட்களில் கரைவலை மீனாவது கிடக்க வேண்டும். மரக்கறி என்றால் அது சோற்றுக்கோப்பையின் ஓரத்தில் இருக்கிற சாமான், அவ்வளவுதான். நிந்தவூரில் இது ஒன்றும் புதினமில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் பாதி இப்படித்தான். அந்த மனிசன் யாழ்ப்பாணத்தில் ஒரு மரக்கறிக் கடையில் குந்தியிருந்து, “புள்ள, அந்த வாழைப்பூ வடையில இன்னம் ரெண்டு எடுப்பமா?” என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். கடையின் பெயர் அம்மாச்சி. கண்டவர்களிடம் எல்லாம் அதைப் பற்றித்தான் இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்ததால்தான் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பெட்டி, படுக்கை, வாளி எல்லாவற்றோடும் அவளைக் கொண்டுபோய் விட்டோம். பின்னேரம் அவள் கூட்டாளிமாரோடு போய்விட, திருநெல்வேலிச் சந்தியில் நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம். பசி. வெளியூரில் எங்களுக்குச் சாப்பாட்டுக் கடை தேடுவது கொஞ்சம் பாடுதான். இறைச்சி ஹலாலா, எந்தச் சட்டியில் எதை ஆக்கினார்கள் என்று ஆயிரம் யோசனை வரும். கடைசியில் ஒரு சைவக்கடைக்குள் போய், பசிக்கு ஏதோ சாப்பிட்டுவிட்டு எழும்புவோம். சைவக்கடை என்றால் எங்களுக்கு அதுவரைக்கும் பயமில்லாத இடம்; ஆசைப்பட்டுப் போகிற இடமில்லை. அம்மாச்சிக்குள்ளும் அந்த நினைப்போடுதான் போனோம்.

உள்ளே போனதும் இவர் நின்றுவிட்டார். முதலாளியும் இல்லை, வெயிட்டரும் இல்லை. வரிசையாகச் சின்னச் சின்ன அடுப்படிகள். ஒவ்வொன்றிலும் பெண்கள். ஒருவர் தோசைக்கல்லில் மாவை வார்க்கிறார், ஒருவர் அப்பச்சட்டியைச் சுழற்றுகிறார், இன்னொருவர் எண்ணெயில் வடை தட்டிப் போடுகிறார். எல்லாம் எங்கள் கண்முன்னால். விருப்பமானதை அந்தந்த இடத்திலேயே கேட்டு வாங்கி, நாமே கொண்டுபோய் இருந்து சாப்பிட வேண்டியதுதான். முப்பது வருசம் அடுப்படியில் நின்றவளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை உண்டா? சாப்பாட்டை மறந்து அவர்களுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2013 முதல் 2018 வரை வட மாகாண சபை இயங்கிய காலத்தில், அதன் விவசாயத் திணைக்களம் தொடங்கிய உணவகங்கள்தான் இந்த அம்மாச்சிகள். யுத்தத்துக்குப் பிறகு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த பெண்களுக்கு ஒரு வருமானம், ஊரில் விளைகிற தானியத்துக்கும் கீரைக்கும் ஒரு சந்தை, சனங்களுக்கு நஞ்சில்லாத சாப்பாடு என்று யோசித்துச் செய்த வேலை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும்கூட அம்மாச்சி இருக்கிறது. தெற்கில் மத்திய விவசாயத் திணைக்களம் நடத்துகிற ‘ஹெல பொஜுன்’ கடைகளும் இதே மாதிரித்தான்: பெண்கள் சமைப்பார்கள், மச்சம் கிடையாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் தோசை. வெள்ளையாய், மொறுமொறு என்று, கடதாசி மாதிரி மெல்லிசாக வருகிற இந்தியத் தோசையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். யாழ்ப்பாணத் தோசை கனமானது, மெத்தென்று இருக்கும். மாவிலே மஞ்சள் சேர்த்து, வெங்காயம், கடுகு, செத்தல்மிளகாய் தாளித்துக் கொட்டி விடுகிறார்கள். அதனால் மெல்லிய மஞ்சள் நிறம். தாளிதம் மாவுக்குள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வாசம். புளிப்பும் அளவு. தொட்டுக்கொள்ளச் செத்தல்மிளகாய்ச் சம்பல். உறைப்பு என்றால் எங்கள் ஊர் உறைப்பை வெல்கிற உறைப்பு! இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இஞ்ச பாரு, இதுக்கு ஆணமே தேவல்ல” என்றார். கல்யாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து இந்த வசனம் வந்ததே இல்லை.

பிறகு குரக்கன் புட்டு. வீட்டில் நான் அவித்தால் களிமண் என்று சொல்லித் தள்ளி வைக்கிற அதே குரக்கன். இங்கே உதிரி உதிரியாக, ஈரம் போகாமல், தேங்காய்ப்பூ தூக்கலாக. “என்னெண்டு ராத்தா இப்பிடி வருது?” என்று வெட்கமில்லாமல் கேட்டுவிட்டேன். “மாவை முதல்ல வறுக்கோணும் பிள்ளை. தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் குழைக்கோணும். அவசரப்படக் கூடாது” என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமலே. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கல்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முழங்கால் நோகிற வயசில் இதுவும் ஒரு கணக்குத்தான். ஆனால் நான் இரண்டாம் தரம் வாங்கியது கல்சியத்துக்காக இல்லை.

வாழைப்பூ வடையைப் பற்றி என்ன சொல்ல! வெளியே கரகரப்பு, உள்ளே பூவின் மெல்லிய துவர்ப்பு, பெருஞ்சீரக வாசம். எங்கள் வளவில் வாழை குலை தள்ளினால் பொத்தியை ஒடித்து ஆட்டுக்குப் போடுகிற ஆட்கள் நாங்கள். இனி ஆடு வேறு தீன் தேடிக்கொள்ளட்டும்.

இலைக்கஞ்சி வாங்கும்போது இவர் முகத்தைச் சுளித்தார். வல்லாரை, முசுமுசுக்கை மாதிரியான இலைகளின் சாறும் சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பச்சைக் கஞ்சி. எங்களுக்குக் கஞ்சி என்றால் நோன்புக் கஞ்சி, அதில் இறைச்சித் துண்டு தட்டுப்பட வேண்டும். ஒரு மிடறு குடித்தார். மறுகா ஒரு மிடறு. மறுகா கோப்பையை என் பக்கம் தரவே இல்லை. கடைசியாக இராசவள்ளிக் கிழங்குக் கூழ்: கத்தரிப்பூ நிறம், தேங்காய்ப்பாலில் கரைந்த கிழங்கு, அளவான இனிப்பு. வட்டிலப்பத்தை விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனால் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு ருசி என்று பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன். இறைச்சி இல்லாத குறையை மறைக்க அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. சோயாவை இறைச்சி மாதிரி ஆக்குகிற வித்தை இல்லை, கலர் இல்லை. ஒரு பெண், தனக்குக் கைவந்த ஒரு பண்டத்தை, கேட்ட பிறகு சுடுகிறாள். தோசை கல்லிலிருந்து நேரே கோப்பைக்கு வருகிறது. அத்தோடு, பில்லைக் கண்டு இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்ட காசா இது என்று!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் மட்டும் வெளியே போய் இருந்து சாப்பிடுவது அருமை. பிள்ளைகள், மாமி, மச்சிமார் என்று ஒரு வேனே நிறைந்துவிடும். பெண்களே நடத்துகிற அந்த இடத்தில் எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. ஒரு கோப்பையில் இரண்டு பேர் கை போட்டு, அதைப் பிய்த்து இதைத் தொட்டு, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம்.

நெல்லும் தேங்காயும் கீரையும் கொட்டிக் கிடக்கிற எங்கள் கரையிலும் இப்படி ஒன்று ஏன் வரக் கூடாது? நிந்தவூரில் கைப்பக்குவம் உள்ள பெண்களுக்கா பஞ்சம்? யாராவது தொடங்கினால் முதல் அடுப்புக்கு நான் வருகிறேன். அதுவரைக்கும் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு என் புத்தி: பசியோடு போங்கள். இரண்டு பேராகப் போங்கள், அப்போதுதான் எல்லாவற்றிலும் ருசி பார்க்கலாம். தோசையைத் தவற விடாதீர்கள். வடையைப் பார்சல் கட்டாமல் அங்கேயே தின்றுவிடுங்கள். இறைச்சி இல்லாமல் இறங்காது என்கிற மனிசன் வீட்டில் இருந்தால், அவரை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்!